ஆரின்ர மகன் எண்டு சொல்லுங்கோ

போன ஞாயிற்றுக்கிழமை அனுஜன் ஓர் இணைப்பு அனுப்பியிருந்தான். அவனுடைய மகள் ஹேர்னிங்கில் உதைபந்தாட்டம் ஆடுகிறாள், நேரலையில் பார்க்கலாம் என்று. டென்மார்க்கின் வடக்கே, ஓல்போர்க்கில் என் வீட்டுக் குசினி மேசையில் கணினியைத் திறந்துவைத்து, வாயில் ஓர் உப்பு லாக்ரிஸையும் போட்டுக்கொண்டு இருந்தேன். மைதான ஓரத்தில் ஒரு கம்பம், அதன் உச்சியில் ஒரு கமெரா. பந்து போகிற பக்கம் அதுவே திரும்புமாம். ஆள் தேவையில்லை. ஆள் இல்லையென்றால் குரலும் இல்லைத்தானே. காற்று இரைகிற சத்தம், எங்கோ தூரத்தில் யாரோ அப்பா ஒருவர் "கொம் ஸோ, கொம் ஸோ" என்று பிள்ளைகளை உசுப்புகிற சத்தம், அவ்வளவுதான்.

எனக்குக் கை துறுதுறுத்தது. சொல்ல ஆளில்லாமல் ஒரு பந்து இப்படி அநாதையாக உருளலாமா?

அதற்குள் லாக்ரிஸ் கரையத் தொடங்கிவிட்டது. உங்களுக்கு அந்தச் சாமான் தெரியாவிட்டால் சொல்கிறேன். கறுப்பு மிட்டாய், ஆனால் உப்பு, மூக்கில் ஏறுகிற ஒரு நெடி. முதல்முறை வாயில் போட்ட தமிழர் எவரும் அதைத் துப்பாமல் விட்டதில்லை. மோகன் அண்ணை மட்டும் அதைத் தொண்டைக்கு மருந்தென்று நம்பினார். வர்ணனை தொடங்க முன் ஒன்று, இடைவேளைக்கு ஒன்று. அவருடைய ஒலிவாங்கியின் பஞ்சுத் தொப்பி முழுக்க அந்த மணம். அதற்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக் கத்தியே என் இளமையின் நல்ல பகுதி போனது.

மோகன் அண்ணை எங்கள் ஹேர்னிங் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் குரல். கிழமை நாட்களில் படுக்கை விரிப்புகள் தைக்கிற தொழிற்சாலையில் வேலை. அவர் அறிவிப்பாளரான கதையே ஒரு வேடிக்கை. ஒரு விளையாட்டு விழாவில், வழியை மறித்து நின்ற வெள்ளை டொயோட்டாவை எடுக்கச் சொல்லி அறிவிக்க யாருமில்லை என்று ஒலிவாங்கியை வாங்கினார். டொயோட்டா போய்விட்டது. அவர் ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுக்கவேயில்லை. அதே மூச்சில் நூறு மீற்றர் ஓட்டத்தைச் சொன்னார், சாக்கோட்டத்தைச் சொன்னார், பின்னேரம் உதைபந்தாட்டத்துக்கு வந்துவிட்டார்.

அங்கிருந்து வானொலி. நூலக நிலவறையில் ஓர் உள்ளூர் வானொலி இருந்தது. ஞாயிறு மூன்று மணியிலிருந்து நான்கு மணிவரை தமிழருக்கு. நான்கு மணிக்கு மேல் பொவுல் என்கிற டேனிஷ்காரருக்கு. பொவுல் அக்கோர்டியன் இசைத்தட்டுகள் போடுவார். எங்கள் நேரத்துக்குப் பொத்தான்களை அமுக்குகிறவரும் அவர்தான். தமிழில் ஒரு சொல் தெரியாது, ஆனால் மோகன் அண்ணையின் குரல் ஏறினால் தானும் ஒலியை ஏற்றுவார். நேரத்தில் மட்டும் இரக்கமேயில்லாத மனிதர். நான்கு என்றால் நான்கு.

இடையில் ஒரு தமிழ்த் தொலைக்காட்சி மோகன் அண்ணையை அழைத்தது. புதுக் கோட்டு, புது ரை, பெரிய எடுப்பு. போய் இருந்து, பந்து இப்போது இடது பக்கம் போகிறது, நீலச் சட்டைக்காரர் துரத்துகிறார், வானம் இருண்டு கிடக்கிறது என்று வழக்கம்போல ஒன்று விடாமல் சொல்லித் தள்ளினார். நேயர் ஒருவர் தொலைபேசி எடுத்து, "அண்ணை, எங்களுக்குக் கண் தெரியும்" என்றாராம். அடுத்த ஞாயிறே ஆள் நிலவறைக்குத் திரும்பிவிட்டார். பேசாமல் இருப்பதற்குச் சம்பளம் தருகிற இடம் தனக்குச் சரிவராது என்று காரணம் சொன்னார்.

நான் சேர்ந்தது எப்படியென்றால், அவரைத் திருத்தப் போய். பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம், உலகத்தில் எல்லாம் எனக்குத் தெரியும் என்கிற வயது. ஓஃப்சைட் கோல் ஒன்றுக்கு அவர் தொண்டை கிழியக் கத்தியதைக் கேட்டு, பொறுக்காமல் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். "அவ்வளவு தெரிஞ்சால் வந்து நீரே சொல்லுமன்" என்றார். அடுத்த கிழமை போய் நின்றேன். அவர் அதை எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

என்னென்ன கனவுகளோடு போனேன் தெரியுமா? எந்த அணி எவ்வளவு நேரம் பந்தை வைத்திருந்தது, யார் எத்தனை தரம் சரியாகக் கடத்தினார், எல்லாம் கணக்கெடுத்து டேனிஷ்காரரைப்போலச் சொல்லப்போகிறேன் என்று. முதல் நாளே தொலைபேசிகள் வந்தன. கணக்கு யாருக்கும் வேண்டாம். "தங்கச்சி, கெவின் எண்டால் எங்களுக்கு ஆரெண்டு தெரியும்? ஆரின்ர மகன் எண்டு சொல்லுங்கோ."

அதுதான் எங்கள் வர்ணனையின் சட்டம். பிள்ளைகளெல்லாம் இங்கே பிறந்த கெவின்கள், மார்ட்டின்கள். வீட்டில் சட்டி கழுவியபடி கேட்கிற ஆட்களுக்கு ஊரும் தகப்பனும் தெரிந்தால்தான் பந்து உருளும். "கரவெட்டி நடராசாவின் மகன் கெவின், மன்னார் பிலிப்பின் மகன் மார்ட்டினுக்குக் கொடுக்கிறார்" என்று சொல்லி முடிப்பதற்குள் பந்து கோலுக்குள் போய்விடும். பரவாயில்லை. பெடியங்களுக்கு அது பிடிக்காது, ஓடுவது தாங்கள், பேர் அப்பாவுக்கா என்று முனகுவார்கள். தகப்பன்மார் செத்திருந்தால் "காலஞ்சென்ற" என்று முன்னால் சேர்ப்போம். தெளிவான சட்டம், குழப்பமில்லாத சட்டம். யுத்தம் முடிகிறவரைக்கும்.

எங்கள் பந்துக்காப்பாளர் அனுஜன். "பரந்தன் சிவபாலனின் மகன் அனுஜன்." அவனுடைய அப்பா சிவபாலன், சமாதானம் என்று பாதை திறந்திருந்த காலத்தில், சுகமில்லாத தாயைப் பார்க்க ஊருக்குப் போனவர். பாதை மூடியது. வரமுடியவில்லை. யுத்தம் முடிந்த அந்த வருஷம் சித்திரையில் கடைசியாக ஒரு தொலைபேசி வந்தது, பிறகு இல்லை. வைகாசியில் எல்லாம் முடிந்தது. முகாம்களில் அவர் பெயர் இல்லை, ஆஸ்பத்திரிகளில் இல்லை, கண்டதாகச் சொல்ல ஒருவரும் இல்லை.

எங்கள் ஒரு மணி நேரத்தில் பல கிழமைகள் வீணை மட்டும் ஒலித்தது. பொவுல் ஒருநாள், உங்கள் ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் கோப்பி ஊற்றப் போய்விட்டார். கோடைச் சுற்றுப்போட்டி வேண்டாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். வேண்டும், பெடியங்கள் வீட்டுக்குள் இருந்தே பைத்தியமாகிவிடுவார்கள் என்று மீதிப் பேர். கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு ஆடுவதென்று முடிவானது. எனக்கு, அவர்கள் ஆட வேண்டும், நான் கத்த வேண்டும், ஏதாவது ஒன்று வலைக்குள் போவதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அந்த வருஷம் நாங்கள் ஆடிய ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெறி பிடித்த ஆட்டம். இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம், எஸ்பியர்க் தமிழ்க் கழகத்தோடு, எஸ்பியர்க்கின் சொந்த மைதானத்தில்.

அதற்கு முதல் கிழமை அனுஜன் நிலவறைக்கு இறங்கி வந்தான். டேனிஷில்தான் கதைத்தான். இனிமேல் தன் பெயரை மட்டும் சொல்லச் சொன்னான். அப்பாவின் பெயர் வானொலியில் வருகிற ஒவ்வொரு தடவையும் அம்மா தொலைபேசிக்குப் பக்கத்தில் போய் இருந்துவிடுகிறாராம், அன்றைக்குச் சாப்பாடு இல்லையாம்.

அவன் போனபிறகு நானும் மோகன் அண்ணையும் அடிபடாத குறை. பெடியன் கேட்கிறான், விடுவோம் என்றேன் நான். அவர் கேட்கவில்லை. "மற்ற எல்லாருக்கும் தகப்பன் பேர் சொல்லி, அவனுக்கு மட்டும் விட்டால் என்ன அர்த்தம்? சிவபாலன் இல்லையெண்டு நாங்களே அறிவிச்ச மாதிரி. உமக்கும் எனக்கும் ஆர் தந்தது அந்த உரிமை?" என்றார். தாயிடம் கேட்போம் என்றேன். என்னவென்று கேட்பீர் என்றார். கேட்டாலே அது ஒரு செய்தி சொன்னதாகிவிடும்.

எஸ்பியர்க் மைதானத்தில் கடல் காற்று. மோகன் அண்ணை ஒலிபெருக்கியின் ஒலிவாங்கியோடு கைத்தொலைபேசி ஒன்றைச் செலோரேப்பால் சேர்த்துச் சுற்றியிருந்தார். ஒரே குரல், மைதானத்துக்கும் கேட்கும், தொலைபேசி வழியே பொவுலிடம் போய் ஹேர்னிங்குக்கும் கேட்கும். என் கையில் நேயர் அழைப்புகளுக்கு இன்னொரு தொலைபேசி. விளக்கேற்றல், மௌன அஞ்சலி, பேச்சு, இன்னொரு பேச்சு. எங்கள் ஆட்கள் எதையாவது நேரத்துக்குத் தொடங்கியதாகச் சரித்திரமில்லை. வானொலியில் மௌனம் என்றால் லைன் அறுந்தது என்று நினைத்து இசைத்தட்டைப் போட்டுவிடுவார் பொவுல் என்று பயந்தேன். அவர் ஒன்றும் போடவில்லை.

பிறகு மோகன் அண்ணை அணியை வாசித்தார். "பந்துக்காப்பாளர் அனுஜன்" என்றார். அடுத்தது "கெவின்". அடுத்தது "மார்ட்டின்". ஊரும் இல்லை, தகப்பனும் இல்லை, ஒருவருக்கும் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் முழு அணியையும் மொட்டையாக வாசித்து முடித்துவிட்டு, நிமிர்ந்து பார்க்காமல் ஒரு லாக்ரிஸை வாயில் போட்டார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

தொலைபேசி விடாமல் அடித்தது. ஆரப்பா இந்த மார்ட்டின், என்ன இண்டைக்கு டேனிஷ் ரேடியோவோ என்று ஆளாளுக்கு ஏசினார்கள். நான் சமாளித்தேன். ஆட்டமோ நெருப்பு. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். முடியச் சில நிமிடங்களே இருந்தபோது எங்கள் கெவின் பெட்டிக்குள் வைத்து ஒருவனைக் காலில் வாரிவிட்டான். நடுவர் விசில் ஊதினார். எஸ்பியர்க்குக்குத் தண்ட உதை.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி. வதனி அக்கா, அனுஜனின் அம்மா. மகன் கோலுக்குள் நிற்பதைக் கண்ணால் பார்க்கப் பயந்து, எப்போதும் வீட்டிலிருந்தே கேட்கிறவர்.

"பிள்ளை, ஏன் என்ர மனுசன்ர பேரை விட்டனீங்கள்?"

எல்லாருடைய அப்பாக்களையும்தான் அக்கா விட்டோம் என்றேன்.

"மற்றவையின்ர அப்பாமார் உந்தக் கிறவுண்டிலதான் நிக்கினம். அவையளுக்குச் சொல்லத் தேவையில்லை. என்ர மனுசனுக்கு இப்ப உங்கட ரேடியோவில, அந்த ஓரிடத்திலதான் பேர் இருக்கு. அதையும் எடுத்துப் போடாதேங்கோ."

அனுஜன் கேட்டுக்கொண்டதை எப்படியோ உளறிவிட்டேன். "நான் அழுறதெண்டால் அழுதிட்டுப் போறன். நீங்கள் சொல்லுங்கோ" என்றார்.

மோகன் அண்ணையின் காதில் இரண்டு சொல்தான் சொன்னேன். மனிதர் வாழ்க்கையில் முதல்தடவையாகச் சண்டையில்லாமல் ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினார். எஸ்பியர்க்காரன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்துகொண்டிருந்தான். பஞ்சுத் தொப்பியில் வாயை வைத்துச் சொன்னேன். "கோலில் நிற்பவர், பரந்தன் சிவபாலனின் மகன் அனுஜன்."

ஒலிபெருக்கி அதை மைதானம் முழுக்க வீசியது. அனுஜன் திரும்பி எங்கள் கூடாரத்தைப் பார்த்தான். ஐயோ, கெடுத்துவிட்டேன், இவன் கோலை விட்டே வெளியில் வரப்போகிறான் என்று நினைத்தேன். விசில் ஊதியது. அவன் திரும்பினான், குனிந்தான். உதை. இடது பக்கம் முழு நீளத்துக்குப் பறந்தான், விரல் நுனியில் பட்ட பந்து கம்பத்தில் மோதி வெளியே போனது.

மோகன் அண்ணை என் கையோடு சேர்த்து ஒலிவாங்கியைப் பறித்தார். பந்து எங்கே போனது, யார் எடுத்தது, ஒன்றும் சொல்லவில்லை. "பரந்தன் சிவபாலனின் மகன், பரந்தன் சிவபாலனின் மகன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குத் தெரியும், ஹேர்னிங்கில் பொவுல் ஒலியை அதன் எல்லைவரை ஏற்றியிருப்பார்.

அப்புறம் நான்கு மணியானது. நான்கு என்றால் நான்கு. அக்கோர்டியன்.

இங்கே, அடுத்து வந்த மூலை உதையில் எஸ்பியர்க்காரன் தலையால் இடித்துக் கோல் போட்டான். நாங்கள் தோற்றோம். ஆனால் ஹேர்னிங் கடைசியாகக் கேட்டது அந்த ஒரு வரியைத்தானே. வாழ்த்துகள் வந்து குவிந்தன, மறுத்துச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. பஸ் போய்ச் சேர்கிற வரைக்கும் எங்கள் ஊரில் நாங்கள்தான் வென்றிருந்தோம். கழக மண்டபத்தில் வதனி அக்கா ஒரு பெரிய தாச்சி நிறைய ரோல்ஸ் பொரித்துவைத்திருந்தார். உண்மையைச் சொன்னோம். பொரித்தாச்சு, சாப்பிடுங்கோ என்றார்.

பஸ் ஏற முன் அனுஜன் கையுறையைக் கழற்றியபடி என்னிடம் வந்திருந்தான். அன்றைக்குத் தமிழில் கேட்டான். "அம்மாவா சொன்னவ?"

"ஓம்."

"சரி அப்ப."

சிவபாலனைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. அந்த வானொலி நேரம் மூடப்படும்வரை நாங்கள் அவர் பெயருக்கு முன்னால் அந்த "காலஞ்சென்ற"வைச் சேர்க்கவில்லை. மோகன் அண்ணை குடும்பத்தோடு லண்டன் போய்விட்டார். பொவுலின் நிலவறையில் இப்போது சைக்கிள் நிறுத்துகிறார்கள். கெவின்களின் பிள்ளைகளை யாரின் பேரப்பிள்ளைகள் என்று கேட்டுத் தொலைபேசி எடுக்க ஒருவரும் இல்லை, எடுப்பதற்கு ஓர் இலக்கமும் இல்லை.

திரையில் அனுஜனின் மகள் பந்தோடு ஓடினாள். சட்டை முதுகில் குடும்பப் பெயர், ஆங்கில எழுத்தில், சிவபாலன். தூரத்து அப்பா மறுபடி கத்தினார், "கொம் ஸோ, ஸிவா." அவருக்கு அது ஒரு சிறுமியைக் கூப்பிடுகிற சின்னப் பெயர், வேறென்ன. என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. குசினியில் தனியாக எழுந்து நின்று, லாக்ரிஸைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு, கணினியைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினேன். பரந்தன் சிவபாலனின் பேத்தி, இடது ஓரமாக, ஒருவரைத் தாண்டி, இன்னொருவரையும் தாண்டி.

கடிகாரத்தைப் பார்த்தபோது நான்கு தாண்டியிருந்தது. அக்கோர்டியன் வரவில்லை.