முப்பது பாகை

கருவியின் முகப்பில் சிவப்பாக ஒளிர்வது ஒரே ஓர் எண். ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் இந்த நாட்களிலும் அது என் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஹட்டனுக்கு மேலே, மலையுச்சியில் ஒரு கைத்தொலைபேசிக் கோபுரத்துக்கு நான் பொறுப்பதிகாரியாக இருந்தேன். எண் பூச்சியத்தில் நின்றால் எல்லாம் விதிப்படி இருக்கிறது என்று பொருள். எதற்கு எந்தப் படிவம் என்பது எனக்கு மனப்பாடம்.

கோபுரத்தில் மேலும் கீழுமாக இரண்டு அன்டெனாக்கள். இரண்டுக்கும் ஒரே அலைதான் போகும். கீழே போவதைச் சற்றுப் பிந்தவைத்தால் வீச்சு பள்ளத்தை நோக்கிச் சாயும். யாரும் மேலே ஏற வேண்டியதில்லை. எத்தனை பாகை பிந்த வேண்டும் என்பதே அந்த எண்; அதை மாற்றினால் மின்சுற்றே மற்றதைச் செய்துவிடும்.

எங்கள் டெக்னீஷியன் ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய அக்கா பள்ளத்துத் தோட்டத்தில், மண்மேட்டின் அடியிலிருந்த லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், தனியாக வாழ்ந்தார். எங்கள் அலை அந்தக் கூரைக்கு மேலாகக் கடந்து, எதிர்மலைத் துரை பங்களாவைக் குறையில்லாமல் சென்றடைந்தது.

பெருமழை தொடங்கிய வாரம் ஒரு நாள் எண் முப்பதில் நின்றது.

"யாரைக் கேட்டு மாத்துனீங்க?"

"ரெண்டு நாளாத்தாங்க சேர் அக்கா வூட்டுல போனுக்கு மூணு கோடு சிக்னல் வருது. ஆபத்துன்னா நான் கூப்புடுறேன்னு சொல்லி வச்சிருக்கேன். மழ விடுற வரைக்கும் இருக்கட்டுங்க. பங்களாவுல ஒரு கோடு கொறஞ்சா தொர செத்தா போயிருவாரு?"

சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே எண்ணைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தேன். முப்பதுக்கு அனுமதி கேட்கும் படிவத்தை அன்றே கொழும்புக்கு அனுப்பினேன். அதில் என்னைக் குறை சொல்ல முடியாது. மழைக்காலத்தில் விடுமுறை இல்லை என்பதும் விதி. அதனால் அவர் கீழே போய் அக்காவிடம் இனி அழைப்பு வராது என்று சொல்லவும் முடியவில்லை.

மூன்றாம் நாள் முற்பகலில் மண்சரிவு எச்சரிக்கை வந்தது. எந்தப் படிவமும் இல்லாமல் நானே ஓடிப்போய் முப்பதை வைத்தேன். அவர் அக்காவைத் திரும்பத் திரும்ப அழைத்தார். தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு பெண்குரல் மூன்று மொழிகளிலும் மரியாதையாகச் சொன்னது. அதற்குள் மேடு லயத்தின் மேல் சரிந்துவிட்டிருந்தது.

விடியற்காலையிலேயே மேட்டில் வெடிப்பைக் கண்டு கோயிலுக்கு ஏறிவிட்ட பக்கத்து வீட்டுக்காரி பிறகு அவரிடம் சொன்னாள்: "எவ்வளவோ கூப்புட்டோம்ண்ணே. 'ஆபத்துன்னா தம்பி போன் பண்ணுவான், அவன் இன்னும் பண்ணல்லையே'ன்னு போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருச்சு."

அடுத்த வாரம் அனுமதி வந்தது. கோபுரத்து ஊழியர் ஒருவர் அந்த இடத்தில் நின்று பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. வேறொருவரை அனுப்பியிருக்கலாம். நான் அவரை அனுப்பினேன்.

லயம் புதைந்த சேற்றில் நின்றபடி அழைத்தார். "தெளிவா கேக்குதுங்களா சேர்?"

"கேக்குது."

"அப்ப எழுதிக்கங்க. இப்ப கூர மறைக்கல்லீங்க. அக்கா வூட்டுல நாலு கோடு."

எழுதினேன். அதற்கும் படிவத்தில் ஓர் இடம் இருந்தது.