அந்தச் சமையல்காரன் வீட்டுக்குப் போனானா

டிசம்பர் வந்தால் போதும், போனைத் திறந்தாலே புத்தகப் படங்கள்தான். இந்த வருஷம் எனக்குப் பிடித்தவை என்று பத்துப் பன்னிரண்டை அடுக்கி, பக்கத்தில் ஒரு கோப்பை பிளேன்டீயையும் வைத்துப் படமெடுத்துப் போடுகிறார்கள். அந்தத் தேயிலை யார் கை பட்டு வந்தது என்று ஒருத்தருக்காவது தோன்றுமா என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துவிடுவேன். போன வருஷம் நானும் வாசித்தேன். அடுக்கிப் படமெடுக்க என்னிடம் எதுவும் இல்லை. எல்லாம் ஹட்டன் டவுன் லைப்ரரிப் புத்தகங்கள், திருப்பிக் கொடுத்தாயிற்று. கடைசிப் புத்தகத்தைக் கொடுக்கத்தான் வெகுநாள் ஆனது. அதைத் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் காலமெல்லாம் தேயிலை பெக்டரியில் தூள் சலிக்கிற இடத்தில் நின்றவர். அந்தத் தூசியெல்லாம் நெஞ்சில் இறங்கி, போன வருஷத் தைப்பொங்கல் முடிந்த கையோடு அவரைக் கட்டிலில் தள்ளிவிட்டது. எனக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மனுஷன் கூரைத் தகரத்தைப் பார்த்தபடி படுத்திருப்பார். டீவி சத்தம் ஆகாது, போன் பார்த்தால் கண் எரியும். சரி, வாசித்தாவது காட்டுவோம் என்று ஒரு நாவலை எடுத்து வந்தேன். இரண்டு பக்கம் தாண்டவில்லை.

“பொய் சொல்றதுக்கு இந்தத் தோட்டத்துல ஆளா இல்ல? நடந்தத வாசி புள்ள,” என்றார்.

அப்படித்தான் எங்கள் வாசிப்பு ஆரம்பித்தது. நடந்தது, இருப்பது, உண்மை. வேறு எதுவும் அவர் கட்டில் பக்கம் வரக்கூடாது. முதலில் தேனீக்களைப் பற்றி ஒரு புத்தகம். கங்காணி இல்லாமல், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டு இல்லாமல், இத்தனை பேர் எப்படி ஒழுங்காக வேலை செய்கிறார்கள் என்று அவருக்குத் தாங்கமுடியாத ஆச்சரியம். அடுத்தது நட்சத்திரங்கள். அதில் ஒவ்வொரு தூரத்தைச் சொன்னபோதும், “எவன் போய்ப் பாத்தான்?” என்று கேட்டு என் உயிரை எடுத்தார். பிறகு எந்தப் புத்தகமானாலும் அந்தக் கேள்வி வந்துவிடும். நானும் அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, அவர் கேட்டு முடித்த பிறகு தொடரப் பழகிக்கொண்டேன்.

தேயிலையின் சரித்திரம் என்று ஒரு தடிப் புத்தகம் கிடைத்தது. ஆசை ஆசையாக வாங்கி வந்தேன். கோப்பைகளுக்கு ஒரு அத்தியாயம், கப்பல்களுக்கு ஒரு அத்தியாயம், எந்த நாட்டு ராணி எப்படிக் குடித்தாள் என்பதற்கு ஒரு அத்தியாயம். பறிக்கிறவர்களுக்கு ஒரே ஒரு பத்தி. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு வந்ததே கோபம். அந்தப் பத்தியின் ஓரத்தில், நாங்களும் இருக்கிறோம் என்று பென்சிலால் எழுதித்தான் திருப்பிக் கொடுத்தேன். யாராவது அழித்திருந்தால் மறுபடி போய் எழுதுவேன்.

மனித உடம்பைப் பற்றிய புத்தகத்தில் நுரையீரல் வந்தது. தூசி உள்ளே போய் என்ன செய்யும் என்று அதில் இருந்தது. அந்த இடத்தைத் தாண்டி இதயத்துக்குப் போகப் பார்த்தேன். மனுஷன் கண்ணை மூடிக்கொண்டே, பக்கத்தைத் தாண்டுகிறாயே என்று பிடித்துவிட்டார். பின்னால் திருப்பி முழுவதையும் வாசித்தேன். அன்றைக்கு மட்டும் எவன் போய்ப் பார்த்தான் என்று கேட்கவில்லை. சரி, வெளங்கிருச்சு என்று சொல்லி, தேத்தண்ணி கேட்டார்.

குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்று ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டின எங்கள் லயத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் சுவர் இருக்கிறது, ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. மேலே இருக்கிற இடைவெளியில் பக்கத்து வீட்டுத் தும்மல்கூட இந்தப் பக்கம் வந்துவிடும். அதனால் லயத்தில் ஒரு மரியாதை உண்டு. புருஷன் பெண்சாதி சண்டை, அழுகை, கொஞ்சல், எது காதில் விழுந்தாலும் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளக்கூடாது. காலையில் பைப்படியில் பார்த்தால், என்ன சமையல் என்று மட்டும்தான் கேட்கவேண்டும். அடுத்த காம்பராவில் இருக்கிறவள் கொழுந்து பறிக்கிறவள், என்னை விடச் சின்னவள். அத்தனை மாதமும் நான் வாசித்ததை அவள் கேட்டாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. அந்த மரியாதையை அவள் அப்படிக் காப்பாற்றினாள்.

ஆடி மழையில்தான் அது உடைந்தது. மண்சரிவைப் பற்றிய புத்தகத்தை அன்று வாசித்துக்கொண்டிருந்தேன். தகரத்தில் மழை அடிக்கிற அடியில் அவருக்குக் கேட்காது என்று தொண்டை கிழியக் கத்தினேன். தரையில் வெடிப்பு விழும், கதவு இறுகும், ஊற்றுத் தண்ணீர் கலங்கி வரும், மக்கள் உடனே வெளியேற வேண்டும். மழைக்கு நடுவில் செய்தித் தமிழில் இப்படி வந்தால் யார்தான் என்ன நினைப்பார்கள்? ரேடியோவில் அறிவிக்கிறார்கள் என்று லயமே மூட்டை கட்டிவிட்டது. பிள்ளைகள், ஆடு, கேஸ் சிலிண்டர், எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கோயிலடிக்கு ஓடியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு போக உதவிக்கு ஓடிவந்தாள் பக்கத்துக் காம்பராக்காரி. வந்து பார்த்தால் நான் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, அதற்குப் பிறகும் சிரித்தார். அதற்கப்புறம் அந்த மாதிரி அவர் சிரிக்கவே இல்லை. அவளும் நனைந்த தலையோடு நின்று சிரித்தாள். தேனீயிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அப்போதுதான் வாயைத் திறந்தாள். இதயத்தைப் பற்றி வாசித்ததில் ஒரு இடம் விளங்கவில்லை என்று சந்தேகம் வேறு கேட்டாள். அன்றிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கமும் ஆள் இருக்கிறது என்று கொஞ்சம் சத்தமாகவே வாசித்தேன். புத்தகம் மூன்று பேருக்கும் பொது. எங்கள் பேச்சு மட்டும் பழையபடி எங்களுக்கு.

கடைசியாக வந்தது அந்தக் கப்பல் புத்தகம். பனிக்கடலில் ஒரு கப்பல் இறுகிப்போகிறது. ஆட்கள் இறங்கிப் பனியில் நடக்கிறார்கள். அதில் ஒரு சமையல்காரன். காற்றில் அடுப்பு அணைய அணையப் பற்றவைத்து, இருக்கிற கடைசித் தூளில் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறான். என் வீட்டுக்காரருக்கு அந்த ஆளைப் பிடித்துப்போய்விட்டது. அது நம்ம தோட்டத்துத் தூளாகத்தான் இருக்கும், நான் சலிச்சதாக்கூட இருக்கும் என்று சாதித்தார். அந்தக் கப்பல் போன காலத்தில் நீங்கள் பிறக்கவே இல்லை என்றேன். “எவன் போய்ப் பாத்தான்?” என்றார்.

முடிவு தெரிந்துகொள்ள அவருக்கு அவ்வளவு ஆசை. ஆனாலும் கடைசிப் பக்கத்தைப் பார்க்க விடமாட்டார். அவன் நடந்து முடிக்கும் முன்னே நாம் எப்படிப் போய் நிற்பது என்பார். அதனால் எனக்கும் தெரியாது. சமையல்காரனின் கால் கறுத்துப்போய், உட்கார்ந்தபடியே அடுப்புப் பற்றவைக்கிற இடம் வரைக்கும் வந்திருந்தோம். அப்போதுதான் அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று சொன்னார்கள். நல்லவிதமாகத்தான் சொன்னார்கள். சொன்ன விஷயம்தான் நல்லதாக இல்லை.

வீட்டுக்கு வந்த சாயங்காலம் புத்தகத்தை எடுத்தேன். வேண்டாம் என்று கையை அசைத்தார். கேட்டுக்கொண்டிருக்க அவருக்குச் சக்தி இல்லை. கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்து, “அந்தச் சமையக்காரன் வீட்டுக்குப் போனானா?” என்று கேட்டார்.

“போயிட்டாருங்க,” என்றேன். “அவரு பொஞ்சாதி வாசல்லயே நின்னுக்கிட்டு இருந்துச்சு.”

என் முகத்தையே பார்த்தார். எவன் போய்ப் பார்த்தான் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். சாமி சத்தியமாக, கேட்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கேட்கவில்லை. நல்லது என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் காலைப் பெரட்டுக்கு ஆட்கள் போகும்போது மூச்சு நின்றுவிட்டது.

அத்தனை மாதமும் நடந்ததைத் தவிர வேறு எதையும் கேட்காத மனுஷனுக்கு நான் கடைசியாகச் சொன்னது எனக்கே தெரியாத ஒன்று. இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தைத் திறந்தால் நான் சொன்னது நிஜமா இல்லையா என்று தெரிந்துவிடும். அதனால் அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டேன். கருமாதி முடிந்தது, சொந்தக்காரர்கள் போனார்கள். லைப்ரரியில் இருக்கிற மிஸ் போன் பண்ணி, விஷயத்தைக் கேட்டுவிட்டு, மெதுவாகக் கொண்டுவந்து கொடுங்கள் என்றார். இப்போதே கொண்டுவா என்று அதட்டியிருந்தால் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துத் தப்பித்திருப்பேன்.

மார்கழியில் ஒரு சாயங்காலம், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் கேட்டாள். அந்தக் கப்பல் புத்தகத்தில் மீதி இருக்கிறதே அக்கா, வாசிக்கலாமா என்று. எனக்குக் கோபம் சுரீரென்று ஏறியது. உனக்குக் கதை கேட்கத்தான் இப்போது நேரமா என்று கத்திவிட்டேன். அன்று இரண்டு காம்பராவிலும் பாத்திரச் சத்தம்கூட இல்லை. மறுநாள் வேலை விட்டு வந்து, நாற்காலியைப் போட்டு ஏறி, புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து, எப்போதும் போலச் சத்தமாக வாசித்தேன்.

இரண்டு பக்கம்தான் தாண்டியிருப்பேன். சமையல்காரன் செத்துப்போனான். அடுப்புப் பக்கத்திலேயே, காலையில் எல்லாரும் எழும்பும் முன்னே. மற்றவர்கள் அவனைப் பனியில் மூடிவிட்டு நடந்தார்கள். அவன் வீட்டுக்கு அவனுடைய தொப்பி மட்டும்தான் போனது. அந்தப் பக்கத்தைத் தாண்டியிருக்கலாம். வாய் வரைக்கும் வேறு ஒரு வரி வந்தது. ஆனால் அது அவருடைய கட்டில். அதில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் செய்ய மனசு வரவில்லை. இருந்ததை இருந்தபடியே வாசித்து முடித்து, அவர் கேள்வி கேட்கிற இடத்தில் பழக்கத்தில் நிறுத்தினேன். யாரும் கேட்கவில்லை.

பிறகு சுவருக்குப் பக்கத்திலேயே அவள் குரல் கேட்டது.

“அக்கா, நீங்க பொஸ்தகம் வாசிக்கிறது மட்டுந்தான் எனக்குக் கேக்கும். அன்னிக்குக் கடைசியா அண்ணங்கிட்ட நீங்க பேசுனது ஒன்னும் எனக்குக் கேக்கலக்கா.”

அவர் தலையணையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் அழுதாள். நானும் கேட்காத மாதிரியே இருந்துகொண்டேன்.