இரண்டு கிளினிக், ஒரு சரோஜா அக்கா

ரகசியம் காக்கத் தெரிந்தவர் என்று நீங்கள் எப்போதாவது நிரூபிக்க முயன்றதுண்டா? முயன்று பாருங்கள். நிரூபிக்க ஒரு ரகசியத்தை வெளியே சொல்லியாக வேண்டும். சொன்ன நிமிஷமே தோற்றுப்போவீர்கள்!

போன வெள்ளிக்கிழமை மாலை எங்கள் கிள்ளான் நகரில் நாங்கள் ஒரு கும்பலாக இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டோம். இடம் — ஒரு பாலர் பள்ளி. கோயிலும் வேண்டாம், சர்ச்சும் வேண்டாம் என்று பொதுவாகத் தேர்ந்தெடுத்த இடம். பொம்மை நாற்காலிகளில் முழங்கால் தாடையைத் தொட உட்கார்ந்திருந்தோம். ஒரு பக்கம், டீச்சரான நான் பெயர் பதியும் வேலை பார்க்கிற எங்கள் கோயில் மண்டபத்து ஞாயிற்றுக்கிழமை இலவசக் கிளினிக். எதிர்ப்பக்கம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் சர்ச் மண்டபத்தில் நடக்கும் சனிக்கிழமை கிளினிக்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வருகிறவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். கிள்ளான் வாசகர்கள் தயவுசெய்து ஆராய்ச்சியில் இறங்க வேண்டாம்.

எல்லாம் சரோஜா அக்கா மயங்கி விழுந்ததில் ஆரம்பித்தது.

சரோஜா அக்கா ரவிக்கை தைப்பவர். கணவர் இல்லை. ஒரே மகள். அந்தப் பெண்ணை எங்கள் கோயில் செயலாளர் மாரிமுத்து அண்ணனின் மூத்த மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். பரிசம் போட நாளும் குறித்தாயிற்று. இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கிளினிக் வரிசையில் நின்றுகொண்டிருந்தவர் திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, அப்படியே சரிந்துவிட்டார்.

திரைக்குப் பின்னால் தூக்கிப் போனோம். டாக்டர் என்ன ஏது என்று பார்ப்பதற்குள், மருந்தறையிலிருந்து மங்களம் அக்கா ஒரு குவளை தே ஓவோடு, பால் கலக்காத தேநீரோடு, ஓடி வந்தார். மங்களம் அக்கா செயலாளரின் மனைவி. எங்கள் கிளினிக்கில் உள்ளறையில் உட்கார்ந்து மாத்திரைகளை உறையில் போட்டு, எண் மட்டும் சொல்லி, ஆளைப் பார்க்காமல் ஜன்னல் வழியாக நீட்டுபவர். குவளையைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார். தே ஓவில் ஸ்பூன் நிற்கும் அளவுக்குச் சீனி. நல்லவேளை, அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

குடித்த சிறிது நேரத்தில் சரோஜா அக்கா கண் திறந்தார். டாக்டர் அவருடைய கைப்பையைத் திறக்கச் சொன்னார். உள்ளே இரண்டு உறைகள். ஒன்று எங்களுடையது. இன்னொன்று சர்ச் கிளினிக்குடையது. இரண்டிலும் இனிப்பு நீருக்கான, அதாவது நீரிழிவுக்கான மாத்திரை. நிறம்தான் வேறு!

எங்கள் டாக்டர் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். அதிர்ந்து பேச மாட்டார். "ரெண்டையும் போட்டனீங்களோ, அம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"போட்டேன் டாக்டர். இன்னிக்கு விரதம் வேற..."

"ஏன் ரெண்டையும்?"

"அவங்களும் மனசார கொடுத்தாங்க, நீங்களும் மனசார கொடுத்தீங்க. யாருதை வேணாம்னு சொல்றது?"

சிரிப்பதா அழுவதா, சொல்லுங்கள்! மரியாதைக்காகக் கல்யாண வீட்டில் இரண்டு தடவை சாப்பிட்டவர்களை எனக்குத் தெரியும். மரியாதைக்காக இரண்டு கிளினிக் மாத்திரையையும் சாப்பிட்டவரை அன்றுதான் பார்த்தேன்.

விஷயம் இதுதான். இனிப்பு நீர் வந்தது தெரிந்ததும் அவர் ஆற்றைத் தாண்டி சர்ச் கிளினிக்குக்குப் போயிருக்கிறார். எங்கள் பக்கம் வந்தால் சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும் என்று சொல்லி, பேசிய சம்பந்தத்தை நிறுத்தியவர்கள் ஊரில் இருக்கிறார்களே. ஆனால் மங்களம் அக்கா சும்மா இருக்கவில்லை. "மூட்டு வலிக்குதுன்னு சொன்னீங்களே, நம்ம கிளினிக் இருக்கையில எதுக்குக் கஷ்டப்படுறீங்க?" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார். மறுக்க முடியுமா? இங்கே இரத்தம் எடுத்தோம், இனிப்பு நீர் என்றோம், மருந்து கொடுத்தோம். ஏற்கெனவே சாப்பிடுகிறேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"டீச்சர், வெளிய சொல்லிடாதீங்க. பரிசம் நின்னுடும்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். டாக்டர் தன் காரிலேயே அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். வெளியே நின்றவர்களிடம், வெயில் தாங்கவில்லை என்றேன்.

இப்படி இன்னும் எத்தனை பேர் இரண்டு உறையோடு திரிகிறார்களோ? டாக்டருக்குத் தூக்கம் போய்விட்டது. சரோஜா அக்காவின் சம்மதத்தோடு சர்ச் கிளினிக்கை நடத்தும் பிலோமினா மிசியை — நர்ஸை நாங்கள் மிசி என்போம் — போய்ப் பார்த்தார். யாருக்கு என்ன மருந்து என்பதை இரண்டு கிளினிக்கும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள வேண்டும் என்று பேசினார்கள். அதற்காகத்தான் வெள்ளிக்கிழமைக் கூட்டம். மிசி ஒரு நிபந்தனை போட்டார். "பேஷண்ட்டுங்களும் வரணும். அவங்க விஷயத்தை அவங்க இல்லாம பேசக்கூடாது." அதனால் பின்வரிசையில் சரோஜா அக்காவும் இருந்தார்.

மாரிமுத்து அண்ணன் ஆரம்பித்தார். மைக் இல்லாவிட்டாலும் மைக் இருப்பது போலவே பேசக்கூடியவர்.

"உங்க பேஷண்ட் அட்டையெல்லாம் எங்ககிட்ட கொடுத்துடுங்க மிசி. நாங்க பத்திரமா பார்த்துக்கிறோம் லா."

"கொடுக்கலாம் அண்ணே," என்றார் மிசி. ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்து, பெரிய ஆஸ்பத்திரி வார்டுகளில் நர்ஸாக இருந்தவர். குரலைக் கூட்டவே மாட்டார். "ஆனா உங்க கோயில்ல காலையில தும்மினா, சாயங்காலம் அடுத்த ஊரு காப்பார்ல கஷாயம் வைக்கிறாங்களே!"

எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? "நீங்க மட்டும்? மருந்து கொடுத்துட்டு ஜெபத்துக்குக் கூப்பிடுறீங்கன்னு பேச்சு இருக்கு!"

"யாரைக் கூப்பிட்டோம்? பேர் சொல்லுங்க."

எங்கள் ஆட்கள் குட்டி நாற்காலிகளைச் சரிசெய்ய ஆரம்பித்தார்கள். மிசி நிதானமாகத் தொடர்ந்தார். "எங்ககிட்ட வர்றவங்கள்ல நிறைய பேரு உங்க கோயில் ஆளுங்கதான். பக்கத்துல இருக்கிற கிளினிக்கை விட்டுட்டு ஏன் ஆத்தைத் தாண்டி வர்றாங்க? தெரிஞ்சவங்க கண்ணுல படக்கூடாதுன்னுதான். உங்க பக்கம் ஒரு ஆளைக் காட்டுங்க. வாயை மூடத் தெரிஞ்ச ஒரே ஒரு ஆள். நான் தர்றேன்."

மாரிமுத்து அண்ணன் எங்கள் வரிசையை ஒரு நோட்டம் விட்டார். என் மேல் கண் பட்டதும் வேகமாக நகர்த்திக்கொண்டார். நியாயம்தான். வாராவாரம் பத்திரிகையில் வாயைத் திறப்பவள் நான். கூட்டம் அவ்வளவுதான், கலைய வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அப்போது பின்வரிசையில் ஒரு குட்டி நாற்காலி கவிழ்ந்தது. சரோஜா அக்கா எழுந்து நின்றார்.

"எனக்கு இனிப்பு நீர் இருக்கு," என்றார். "ரெண்டு பக்கமும் மருந்து வாங்கினேன். ரெண்டு பக்கமும் மறைச்சேன். அன்னிக்கு விழுந்தது வெயில்ல இல்ல. இப்படியே விட்டா நாளைக்கு இன்னொருத்தர் விழுவாங்க. எழுந்திருக்காமலே போயிடுவாங்க." பிறகு மங்களம் அக்கா பக்கம் திரும்பினார். "மன்னிச்சிடுங்க சம்பந்தி. உங்ககிட்ட சொல்லாம பொண்ணைக் கொடுக்கப் பார்த்தேன்."

மகளின் வாழ்க்கையை அத்தனை பேர் நடுவில் எடுத்து வைத்துவிட்டாரே! பெரிய சபைகளில் வீராவேசமாகப் பேசியவர்களை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். இந்தத் தைரியத்தை நான் பார்த்ததில்லை.

மங்களம் அக்கா அசையவில்லை. "எனக்குச் சித்திரையிலேர்ந்தே தெரியும், சம்பந்தி."

"எப்படி...?"

"மருந்து கட்டுறது யாரு? நான்தானே? சீட்டுல உங்க பேரு இருந்துச்சு. ஆனா ஆத்துக்கு அந்தப் பக்கமும் வாங்குறீங்கன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா உங்களை விழ விட்டிருப்பேனா?"

அப்போதுதான் அந்த தே ஓ எனக்குப் புரிந்தது. இனிப்பு நீர் மாத்திரையால் சர்க்கரை இறங்கித்தான் மயக்கம் என்று தெரிந்தே அத்தனை சீனி போட்டிருக்கிறார். அதிர்ஷ்டமாவது, ஒன்றாவது!

மாரிமுத்து அண்ணன் எழுந்துவிட்டார். "உனக்குத் தெரியுமா? ஒரே வீட்டுல இருக்கோம், ஒரே மேசையில சாப்பிடுறோம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

மங்களம் அக்கா நிமிர்ந்து பார்த்தார். "நீங்க என்ன, டாக்டரா?"

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கத் தோன்றவில்லை. எங்கள் வரிசையில் பலருடைய முகம் மாறிக்கொண்டிருந்தது. ஒவ்வொருவரும் தங்கள் மருந்துச் சீட்டை நினைத்துக்கொண்டிருந்தார்கள். மூல வியாதி, தூக்க மாத்திரை, வீட்டுக்குத் தெரியாத இரத்தக் கொதிப்பு... இத்தனையும் இந்த அம்மாவின் கை வழியாகத்தானே போயிருக்கிறது? இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாவது வெளியே வந்ததா?

"பரிசத்துக்குக் குறிச்ச நாள் மாறாது," என்றார் மங்களம் அக்கா. "என் மகன் கட்டிக்கப் போறது உங்க பொண்ணை. உங்க இனிப்பு நீரை இல்ல." செயலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சுற்றிலும் பார்த்தார். பிறகு மெல்லத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

பிலோமினா மிசி எழுந்து வந்து மங்களம் அக்காவின் பக்கத்தில் ஒரு குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எங்க ஆளுங்களை ஒவ்வொருத்தரா கேக்குறேன். சரின்னு சொல்றவங்க விஷயத்தை மட்டும் கொண்டு வரேன். உங்க கையிலதான் கொடுப்பேன்."

"நானும் கேட்டுட்டுத்தான் தருவேன் மிசி. உங்க கையிலதான்."

ஒப்பந்தம் முடிந்தது. நாங்கள் பூட்டுப் போட்ட இரும்பு அலமாரி, ரப்பர் ஸ்டாம்ப், தலைவர்கள் கையெழுத்து என்று பெரிய திட்டமெல்லாம் போட்டு வைத்திருந்தோம். ஒன்றும் தேவைப்படவில்லை. காற்றுகூடச் சரியாக வராத ஓர் உள்ளறையில், யார் பார்க்கிறார்கள் என்று நினைக்காமல், ஒரு பெண்மணி அந்த நம்பிக்கையை எப்போதோ கட்டி முடித்திருந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் மெய் சிலிர்க்கிறது.

பரிசத்து விருந்தில் இரண்டு வகைப் பாயசமாம். சீனி போடாத பாயசத்துக்குத் தனியாக ஒரு பெரிய அண்டா ஏற்பாடு செய்திருக்கிறார் மங்களம் அக்கா. "சம்பந்தி ஒருத்தருக்கு இவ்வளவா? வேற யார் யாருக்கு?" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

அன்று "நீங்க என்ன, டாக்டரா?" என்று தன் கணவரைப் பார்த்தாரே ஒரு பார்வை... அதே பார்வைதான் எனக்கும் கிடைத்தது!