நோட்பேடிலிருந்து ஆர் வரைக்கும்

ஆராய்ச்சி மாணவர்களுக்குப் புள்ளிவிவரம் போட்டுக் கொடுக்கிற தொழிலில் கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. நோட்பேடில் அடித்த அட்டவணையை ‘ஆர்’ என்கிற நிரல் மொழிக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள்தான் பிராணன் போய்விடும். பட்டவர்களுக்குத் தெரியும், நான் சொல்லவே வேண்டாம். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு மாடியில் கடை வைத்திருந்தேன். இப்போது கீரனூரில் வீட்டிலிருந்தபடியே வேலை. மின்னஞ்சலில் எக்செல் வருகிறது, மின்னஞ்சலிலேயே போகிறது. சண்டை போட ஒரு ஆள் இல்லை. அந்த மாடிப்படியை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

தகப்பனுக்குத் தனிக் கட்டம்

விராலிமலைப் பக்கத்திலிருந்து செல்வராசு என்று ஒரு வாத்தியார் வந்தார். விவசாயிகளைப் பற்றி ஆராய்ச்சி. பெயர், வயது, நிலம், பயிர் என்று அவரே அழகாக அடித்துக்கொண்டு வந்திருந்தார், நடுவில் வெறும் இடைவெளி மட்டும் விட்டு. ஆருக்கு இடைவெளி விட்டால் அடுத்த கட்டம். ‘ரா கருப்பையா’ என்றால் ‘ரா’ ஒரு ஆள், கருப்பையாவுக்கு வயதுக் கட்டத்தில் இடம். ரெண்டு இனிஷியல் வைத்தவர் பாடு இன்னும் மோசம், அவருடைய வயது பயிராகிவிட்டது. ‘இந்த வரியில் கட்டம் சரியில்லை’ என்று ஆர் திட்டிக்கொண்டே இருந்தது.

“இனிஷியலை எடுத்துடலாமா சார்?” என்று கேட்டேன். மனிதர் பதறிப்போனார். “எங்கூர்ல கருப்பையாவே ஏழு பேரு இருக்காகங்க, இனிஷியல எடுத்துட்டா எந்தக் கருப்பையாகிட்ட என்ன கேட்டேன்னு எனக்கே தெரியாது!”

தாண்டிப் போ

திருமயம் பக்கத்து உமையாள் ஆச்சிதான் எங்கள் கடையில் தட்டச்சு. எண்களை மட்டும் கீபோர்டைப் பார்க்காமலே அடிப்பார். ஆனால் எந்தக் கோப்பைத் திறந்தாலும் முதல் வரியில் ‘உ’ போடாமல் விரல் நகராது. ஆர் என்ன செய்யும்? பிள்ளையார் சுழியைத் தலைப்பு என்று எடுத்துக்கொண்டு, ‘தலைப்பு ஒன்று, கட்டம் ஆறா?’ என்று மல்லுக்கு நிற்கும். நான் அழிப்பேன், மறுநாள் மறுபடி ‘உ’ இருக்கும். நானும் கத்திப் பார்த்தேன், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன். ‘முதல் வரியைத் தாண்டிப் போ’ என்று ஆருக்கே கட்டளை எழுதிவிட்டேன். ஆச்சியிடம் சொன்னபோது, பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்டார். “கும்பிடாட்டிப் போகுது தம்பி, மிதிக்காமத் தாண்டிப் போச்சுன்னாப் போதும்.”

சிவப்பு மை

கோட்டைப்பட்டினம் பக்கத்திலிருந்து சபியா டீச்சர். கடற்கரை ஊர்களில் பெண் பிள்ளைகள் ஏன் பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறார்கள் என்பது அவர் ஆராய்ச்சி. வழிகாட்டிப் பேராசிரியரான அவருடைய கைடு அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் கையெழுத்து வாங்காவிட்டால் புது கைடு, புதுத் தலைப்பு, மறுபடி முதலிலிருந்து. அத்தனை வருஷமும் வீண்.

ஆர் இந்தத் தடவை திட்டவே இல்லை. சமர்த்தாக அட்டவணையை வாங்கிக்கொண்டு முடிவைக் கொடுத்தது: நின்ற பிள்ளைகள் ஒருவரும் இல்லை. கைடு அதைப் பார்த்துவிட்டு, “யாருமே நிக்கலைன்னா இதுல என்னம்மா ஆராய்ச்சி?” என்று திருப்பி அனுப்பிவிட்டார். டீச்சர் படியேறி வந்து, திரும்பி வந்த தாள்களை என் மேசையில் வைத்தார்.

மூலக் கோப்பைத் திறந்தேன். வருகைப் பதிவேட்டில் நின்றுபோன பிள்ளையின் பெயரைச் சிவப்பு மையால் சுழிப்பது டீச்சர் பழக்கம். கொடுத்த தாளிலும் அப்படியே சுழித்திருந்தார். வெறும் எழுத்து மட்டுமே ஏறும் நோட்பேடில் சிவப்பு மைக்கு எங்கே போவது? விட்டுப்போகக்கூடாதே என்று ஆச்சி அந்தப் பெயர்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாக # போட்டிருந்தார். # போட்ட வரி ஆருக்கு வெறும் குறிப்பு. படிக்காமல் விட்டுவிடும். ‘அந்தக் குறியைப் பொருட்படுத்தாதே, எல்லாவற்றையும் படி’ என்று ஒரு சொல் சேர்த்து ஓட்டினேன். நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் திரையில் வந்தார்கள். டீச்சர் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனார். ஆச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

“நின்னுபோன புள்ளைகள ஊருதான் கணக்குல எடுக்காதுன்னு நெனச்சேன் சார், ஒங்க மிஷினுக்கும் அதே பழக்கந்தானா?”

கழுத்தில் மாலையோடு

கைடு கடைசி நாளில்தான் கையெழுத்துப் போட்டார், பிரிவு உபசார விழாவுக்கு நடுவில். டீச்சர் வாசலிலிருந்தே போன் பண்ணினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. “இதுல என்ன ஆராய்ச்சின்னு கேட்டவரு, ‘இத்தன புள்ளைகளா?’ன்னு பேனாவக் கையில வச்சுக்கிட்டே உக்காந்துட்டாரு சார்!”

இந்தத் தொழிலில் வாய் ஓயாமல் திட்டுகிற பிழையோடு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் குடித்தனம் பண்ணலாம், ஒன்றும் சொல்லாமல் தலையாட்டுகிறதே, அந்தப் பிழையிடம்தான் சாமி ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.