வாழ்த்து அட்டைக்குள் போன கடிதம்

எண்பதுகளின் தொடக்கம் அது. கல்யாணமாகிப் போடிநாயக்கனூருக்கு வந்த பிறகு எனக்கு அது இரண்டாவது பொங்கல். பிறந்த வீடு பக்கத்திலேயே சிலமலை. பஸ் ஏறி உட்கார்ந்து சேலையைச் சரி செய்வதற்குள் ஊர் வந்துவிடும். ஆனாலும் டவுனுக்கு வாழ்க்கைப்பட்டவள், அதுவும் பத்தாவது பாஸ் என்ற மிதப்பு என்னிடம் கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது.

அப்போதெல்லாம் பொங்கல் என்றால் வாழ்த்து அட்டை அனுப்பாத வீடு கிடையாது. கடைத்தெருவில் கயிறு கட்டி வரிசை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். நான் அதில் ஒன்றுகூட வாங்க மாட்டேன். எல்லாம் என் கையாலேயே செய்வேன். கெட்டி அட்டையை இரண்டாக மடித்து, முகப்பில் முதலில் வானம் ஒட்டுவேன். அதன் மேல் பலசரக்குக் கடைப் பையின் பழுப்புத் தாளில் தூரத்து மலை. அடுத்து, பழைய நோட்டு அட்டையின் பச்சையில் கிட்டத்துச் சரிவு. கடைசியில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் ஓர் ஓடை. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவே தீப்பெட்டி அட்டையைப் பொடித்துண்டாக நறுக்கி மைதாப் பசையில் ஒட்டிவிட்டால், மலைகள் ஒன்றுக்கு முன்னால் ஒன்றாக எழும்பி நிற்கும். மாடியில் நின்று மேற்கே பார்த்தால் எங்கள் மலை எப்படித் தெரியுமோ, அப்படியே இருக்கும்.

வானத்துக்கு நான் பயன்படுத்தியது இன்லேண்ட் லெட்டர். அந்த நீலம் வேறு எந்தக் காகிதத்திலும் கிடைக்காது. எழுதிய பக்கத்தை உள்ளே வைத்து ஒட்டிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? அடுப்படி வாசலில், வந்த கடிதங்களைக் குத்தி வைக்கிற வளைந்த கம்பி தொங்கும். வருஷக்கணக்கான கடிதங்கள் அதில் இருந்தன. வாசித்து முடித்தவைதானே என்று அடியிலிருந்து ஆறேழு கடிதங்களை உருவிக்கொண்டேன். அதில் ஒன்று புகை பிடித்து ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது. அந்தி வானத்துக்கு இதைவிட நல்ல காகிதம் கிடைக்குமா! அதிலிருந்து மூன்று வானம் வெட்டினேன். மிச்சம் விழுந்த துணுக்குகள் அடுப்புக்குப் போயின. மொத்தம் பன்னிரண்டு அட்டைகள் செய்து தபாலில் போட்டுவிட்டு, பாராட்டுக் கடிதங்களுக்காகக் காத்திருந்தேன்.

போகி அன்று வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தோம். என் கணவரின் அண்ணன் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், தூசி தட்டுவதற்காக அந்தக் கம்பியைக் கழற்றினார். ஒவ்வொரு கடிதமாகத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இவர் கடிதத்தில் என்னத்தைத் தேடுகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாகக்கூட இருந்தது.

“ஏ தங்கச்சி, ஓரமெல்லாம் பழுப்பா ஒரு லெட்டரு இதுல கெடந்துச்சே, பாத்தியா?”

“அது பழசுக்கா. வாழ்த்து அட்டைக்கு வெட்டிட்டேன். ஏன், யாரு எழுதுனது?”

“எங்கய்யா எழுதுனது. அவரு கைப்பட எழுதுனது அது ஒண்ணுதான்.”

அக்காவின் அப்பா போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் விறகு போடும் வேலை பார்த்தவர். நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே தவறிப்போனார். காகிதத்தில் இருந்த பழுப்பு, அந்த ஸ்டோரின் புகை. கூட்டுக் குடும்பத்தில் தனக்கென்று ஒரு பெட்டிகூட இல்லாததால், அக்கா அதை எல்லோருடைய கடிதங்களோடும் சேர்த்துக் கம்பியில் குத்தி வைத்திருக்கிறார். படிக்கத் தெரியாதவருக்குக் கடிதம் எதற்கு என்று, வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும், நான் நினைத்திருந்தேன்.

அக்கா திட்டவில்லை. “சரி விடு, தெரியாமத்தான செஞ்ச” என்று கம்பியைத் திரும்ப மாட்டிவிட்டு, அடுப்பு மெழுகப் போய்விட்டார். நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அன்று முழுவதும் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தி வானம் வைத்த அட்டைகள் மூன்றே மூன்றுதான். யார் யாருக்கு அனுப்பினேன் என்பது நன்றாக நினைவிருந்தது. எப்படியாவது திரும்ப வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதல் அட்டை எங்கள் அம்மாவுக்குப் போயிருந்தது. மாட்டுப் பொங்கலன்று சிலமலைக்குப் போனேன். காலண்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து, வருகிறவர்கள் கண்ணில் படும்படி மாட்டி வைத்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அம்மா கழற்றிக் கொடுத்தார். “அனுப்புன வாழ்த்தத் திருப்பி வாங்க வந்த மொத மக நீதான் ஆத்தா” என்று கேலியும் செய்தார். இரண்டாவது அட்டை பக்கத்துத் தெருத் தோழிக்கு. கண்ணாடி அலமாரியில் வைத்திருந்த அவளுக்குக் கொடுக்க மனமே இல்லை. இதைவிட நல்லதாக இரண்டு செய்து தருகிறேன் என்று சத்தியம் செய்யாத குறையாகக் கெஞ்சி வாங்கினேன்.

மூன்றாவதுதான் மலைக்குப் போயிருந்தது. போடிமெட்டில் என் கணவரின் சிநேகிதர் எஸ்டேட் ஒன்றில் சூப்பர்வைசர். பொங்கல் முடிந்து எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ஜீப்பில் நானும் கணவரும் தொற்றிக்கொண்டோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் எனக்கு ஒரே கவலைதான். அட்டை வழியில் தொலைந்திருந்தால்? குழந்தைகள் கையில் கிடைத்துப் பிய்ந்திருந்தால்?

அட்டை பத்திரமாக இருந்தது. சிநேகிதரின் மனைவி மலையாளத்துக்காரர். நான் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிப்பதற்குள், “அச்சன் எழுதிய கத்தா? எடுத்தோ மோளே, எடுத்தோ” என்று அட்டையை என் கையில் வைத்தார். கத்து என்றால் அவர்கள் பாஷையில் கடிதம். பிரித்தால் கிழிந்துவிடுமே என்று பயந்தேன். மைதாப் பசைதானே, ஆவியில் காட்டினால் விட்டுவிடும் என்று அவரே உலைப்பானை மேல் அட்டையைப் பிடித்தார். மலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. கடைசியில் வானமும் வந்தது. நல்லவேளை, பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருந்ததால் எழுத்து கலையவில்லை.

வீட்டுக்கு வந்து மற்ற இரண்டையும் அதேபோல ஆவியில் காட்டிப் பிரித்தேன். மூன்று துண்டுகளையும் புதிய அட்டையில் ஒன்றோடொன்று பொருத்தி வைத்தேன். மலை மாதிரி வளைத்து வெட்டிய இடங்கள்கூடச் சேர்ந்துகொண்டன. கீழே மட்டும் ஒரு கை அகலத்துக்கு வெறுமையாக இருந்தது. அடுப்புக்குப் போன துணுக்குகளின் இடம் அது.

அக்கா முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். “வாசிக்கட்டுமாக்கா?” என்றேன். உரிப்பதை நிறுத்திவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பள்ளிக்கூடத்தில் வாசித்த மாதிரி கடகடவென்று வாசித்தேன். பெரிய விஷயம் எதுவும் இல்லை. இங்கே மழை விடவில்லை. ஸ்டோரில் ஈரக் காய் லோடு லோடாக வந்து கிடக்கிறது. நீ கொடுத்துவிட்ட ஊறுகாய் தீர்ந்துவிட்டது. மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல்லவும். அவ்வளவுதான். வெறுமையான இடம் வந்தது. இங்கே ஒன்றும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானாகச் சேர்த்து, “உடம்பைப் பார்த்துக்கொள் தாயி, நானும் நல்லபடியாக இருக்கிறேன்” என்று வாசித்து முடித்தேன்.

அக்கா என்னைப் பார்த்தார்.

“அங்கன அது இல்லையே” என்றார்.

எனக்கு முகம் செத்துப் போய்விட்டது. போஸ்ட்மேன் ஒருமுறை, பக்கத்து வீட்டுப் பிள்ளை நாலைந்து முறை என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டே, அக்காவுக்கு அந்தக் கடிதம் முழுக்க மனப்பாடம் ஆகியிருக்கிறது. எனக்குத்தான் அது தெரியாமல் போயிற்று.

“வேற என்னக்கா இருந்துச்சு?”

அக்கா அந்த வெறும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு சொன்னார்.

“இத ஆரு வாசிச்சாலும், வெரசா வாசிக்காம நிறுத்தி வாசிக்கச் சொல்லு தாயி. எழுத எனக்கு மூணு நாளாச்சு.”

நான் அழுதுவிட்டேன். அக்காதான் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். பிறகு அட்டையை என் பக்கம் நகர்த்தி, “இன்னொருக்க வாசி” என்றார். இந்த முறை ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். வெறும் இடம் வந்ததும் நிறுத்தினேன். அங்கே அக்கா சொன்னார்.

அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் வாழ்த்து அட்டைகள் செய்தேன். எழுத்து இருக்கிற காகிதத்தில் மட்டும் கத்தரி வைத்ததில்லை. இன்றும் யாராவது ஒரு காகிதத்தை நீட்டி இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், எத்தனை அவசர வேலை இருந்தாலும் உட்கார்ந்து, நிறுத்தித்தான் வாசிக்கிறேன்.