பத்துக் கல் நீளம், ஏழு கல் அகலம்

தரைக்கு டைல்ஸ் பதிக்கும் அந்த மனிதரை வேலையிடத்தில் எல்லோரும் நூல்காரர் என்றே அழைத்தார்கள். சுவருக்குச் சுவர் ஒரு நூல், குறுக்கே இன்னொரு நூல், இரண்டும் சந்திக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. இவ்வளவும் முடியாமல் அவர் ஒரு கல்லைக்கூடக் கையில் எடுத்ததில்லை. வயது நாற்பத்து நான்கு. அதில் இருபத்தாறு ஆண்டுகளை முழங்காலில் கழித்தவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறு குறிப்பேடு இருக்கும். வேலைக்கு எடுத்த அளவுகளோடு வீட்டு அளவுகளும் அதில் தேதிவாரியாகப் பதிவாகியிருக்கும்: மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது எவ்வளவு உயரம், மகன் முதன்முதலாகத் தாழ்ப்பாளை எட்டியது எந்த நாள். வாயால் சொன்னதை அவர் பாதிதான் நம்புவார். அளந்ததை முழுதாக நம்புவார்.

அந்தக் குறிப்பேட்டில் மகள் அடைத்துக்கொண்ட பக்கங்களே அதிகம். பதினாறு வயது, ஐந்தடி ஒன்பதங்குலம், உயரம் தாண்டுபவள். ஒரு திங்கட்கிழமை மாலை பள்ளியிலிருந்து அவள் ஒரு கடிதத்தோடு ஓடிவந்தாள். பெருநகரத்தில் இளையோர் தேர்வு; சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி; நூற்று அறுபத்து மூன்று சென்டிமீட்டரைத் தாண்டினால் பயிற்சி முகாமில் இடம். பயணமும் தங்குமிடமும் அவரவர் பொறுப்பு. நாள் குறித்தது மூன்று வாரம் தள்ளி.

"நாம எல்லாரும் போறோம்," என்றார் நூல்காரர். அப்படிச் சொன்னதற்குக் காரணம் மனைவி. அவள் பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை பார்த்தாள். பள்ளிப் போட்டிகள் எல்லாம் வேலை நாளில் வந்து தொலைத்ததால், மகள் தாண்டி அவள் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.

"நாலு வருஷமா கப்பைத்தான் பாக்குறேன். கழுவித் துடைச்சு அடுக்குறேன். அது எப்படி வந்துச்சுன்னு இந்தத் தடவையாவது என் கண்ணால பாக்கணும்," என்றாள். மறுநாளே மூன்று பெண்களோடு ஷிஃப்ட் மாற்றிப் பேசி முடித்துவிட்டாள்.

அவளுடைய தம்பியும் பெட்டியைக் கட்டத் தயாரானான். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடை வைத்திருப்பவன், ஆள் அகலம். மகள் ஆறு வயதில் தாண்டிய முதல் விளக்குமாற்றுக் குச்சியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் என்ற தகுதியில் தன்னைப் பயிற்சியாளன் என்று சொல்லிக்கொள்வான். "கோச் இல்லாம எப்படி மச்சான்?" என்று அவன் கேட்டபோது யாராலும் மறுக்க முடியவில்லை. ஒன்பது வயது மகனை விட்டுவிட்டுப் போவது என்ற பேச்சே இல்லை. ஆக ஐந்து பேர், இரண்டு இரவுகள்.

மைதானத்துக்கு நடை தூரத்தில் பதினொரு விடுதிகள் இருந்தன. பதினொன்றுக்கும் மனைவி மதிய இடைவேளைகளில் பேசினாள். எல்லா இடத்திலும் ஒரே பதில்: ஓர் அறைக்கு மூன்று பேர், ஐந்து பேர் என்றால் இரண்டு அறை. அந்த வாடகைக்கு நூல்காரர் ஒன்பது நாள் முழங்காலில் நிற்க வேண்டும். தனித்தனிக் கட்டிலாக வாடகைக்கு விடும் இடம் ஒன்று மலிவாகக் கிடைத்தது. ஆனால் பத்து வயது நிரம்பாதவர்களுக்கு அங்கே அனுமதி இல்லை.

"எனக்குப் பத்துன்னு சொல்லிடலாம்," என்றான் மகன்.

"உன் மூஞ்சியப் பாத்தா ஏழுன்னு எழுதுவாங்க," என்றாள் அக்காள்.

தேடலின் எட்டாம் நாள் மாலை, மகள் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். "குடும்பத்துக்கு மாடி அறை. தனிக் குளியலறை. மைதானம் பத்து நிமிஷ நடை. அப்பா, வாடகையைப் பாருங்க." இரண்டு நாளுக்கும் சேர்த்து அவருடைய இரண்டு நாள் கூலிகூட ஆகவில்லை. கூடவே ஒரே ஒரு படம்: வெறும் தரை, ஒரு சன்னல், ஒரு நீலத் திரை.

நூல்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். படத்தைப் பெரிதாக்கி, விரல் நுனியால் கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். "நீளம் பத்துக் கல். அகலம் ஏழு. இப்ப எவனும் ரெண்டடிக்குக் குறைஞ்ச கல்லு போடுறதில்ல. அப்ப இருபதுக்குப் பதினாலு. நம்ம முன்னறை மாதிரி ரெண்டு மடங்கு."

"எதுக்கும் எவ்வளவு பெருசுன்னு போன்ல ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

"வாயால சொன்னா முன்னப் பின்ன இருக்கும். கல்லு பொய் சொல்லாது."

அறையின் உரிமையாளர் ஓய்வுபெற்ற செவிலி. நூல்காரர் தொலைபேசியில் ஐந்து பேர் வருவதாகச் சொன்னதும் அந்த அம்மா சற்றுத் தயங்கினார். "அஞ்சு பேரா? உங்களுக்குப் பரவாயில்லையா?"

"எங்களுக்குத் தாராளம்மா," என்றார் நூல்காரர். தன் வீட்டைக் குறைத்துச் சொல்லும் பெரிய மனசு என்று அவரை மெச்சவும் செய்தார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கிளம்பிய பேருந்தில் ஐந்து பேருக்கும் வாய் ஓயவில்லை. எட்டு மணி நேரத்தில் மகன் நாற்பது முறை "வந்துடுச்சா" கேட்டான். நகரம் தொடங்கியதும் மாடிகளை எண்ணத் தொடங்கினான். இருபத்தேழுக்கு மேல் கட்டடம் சன்னலுக்குள் அடங்கவில்லை. மனைவி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, நிறுத்தத்துக்கு நிறுத்தம் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். பேருந்து நிலையத்தில் இறங்கியதும் நூல்காரர் குனிந்து, பளபளத்த தரையில் இரண்டு கற்களின் இணைப்பை நகத்தால் நெருடிப் பார்த்தார்.

"மச்சான், ஊரு மேல இருக்கு. கொஞ்சம் தலையத் தூக்குங்க," என்றான் மைத்துனன்.

வீடு, ஒரு சலவைக் கடைக்கும் ஒரு நகல் எடுக்கும் கடைக்கும் நடுவில் இருந்த சந்தில் நின்றது. மூன்று மாடி ஏறியபோது மணி மூன்று நாற்பது. செவிலியம்மா வராந்தாவில் சாவியோடு காத்திருந்தார். கதவைத் திறந்துவிட்டு விலகி நின்றார்.

நூல்காரரின் கண் வழக்கம்போல் முதலில் தரையைத் தொட்டது. அங்கேயே நின்றுவிட்டது. நீளம் பத்துக் கல், அகலம் ஏழு கல். எண்ணிக்கையில் பிழையில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முன் பதித்த ஓரடிக் கல். மொத்த அறையே பத்தடிக்கு ஏழடி. படத்தில் இல்லாத ஒரு கட்டில் வேறு அதில் பாதியை விழுங்கியிருந்தது.



"மச்சான், மிச்ச ரூம் எங்க இருக்கு?" என்றான் மைத்துனன்.

"அப்பா, கல்லு பொய் சொல்லாதுன்னீங்க," என்றான் மகன்.

"கல்லு சொல்லலடா. நான்தான் சொன்னேன்," என்றார் நூல்காரர். பன்னிரண்டு ஆண்டுகளாக இரண்டடிக் கல்லைத் தவிர வேறெதையும் தொடாத கை, உலகத்துத் தரையெல்லாம் இரண்டடி என்று நம்பிவிட்டது.

மனைவி கத்தியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் தணிந்த குரலில் பேசினாள். "நாளைக்கு அவ தாண்டணும். இன்னிக்குக் கை கால நீட்டித் தூங்கினாத்தான் முடியும். ஆறரைக்கு ஒரு பஸ் இருக்காம். நானும் சின்னவனும் திரும்பிடுறோம். நீங்க மூணு பேரும் இருங்க."

"நீ போனா நானும் வரேன்," என்றாள் மகள். "எனக்கு எந்த முகாமும் வேணாம்."

"வாயைக் கழுவு. வீடியோ எடுத்து அனுப்பு, பாத்துக்குறேன்." சொல்லும்போதே அவள் திரையைச் சரிசெய்வதுபோல் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மைத்துனன் வராந்தாவில் நின்று நான்கு விடுதிகளுக்குப் பேசிப் பார்த்தான். இரண்டில் இடமில்லை, மற்ற இரண்டில் விலை கேட்டு, பதில் சொல்லாமலே வைத்துவிட்டான்.

"நான் கேட்டேனே, பரவாயில்லையான்னு," என்றார் செவிலியம்மா வருத்தத்தோடு. "கட்டில் போன மாசம்தான் வாங்கிப் போட்டேன். படம் அதுக்கு முந்தி எடுத்தது."

அந்தச் சொல் நூல்காரரைத் தட்டி எழுப்பியது. கட்டில் இல்லாத அறையை அவர் ஏற்கெனவே பார்த்திருக்கிறார். பத்து நாளாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "அம்மா, கட்டிலை வராந்தாவில் சாய்ச்சு வைக்கலாமா?" என்று கேட்டார். பிறகு மனைவியிடம், "எனக்குக் கால் மணி நேரம் குடு. அதுக்கப்புறம் நீ பஸ்ஸுக்குப் போறேன்னா நானே வந்து ஏத்தி விடுறேன்," என்றார்.

வேலைக்கு வரவில்லை என்றாலும் நூலும் நீலச் சாக்பீஸும் பையில் இருந்தன. மைத்துனன் கட்டிலை வெளியே எடுத்து நிறுத்தினான். கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது முதல் அதிர்ஷ்டம். நூல்காரர் முழங்காலில் அமர்ந்தார்; அந்த நகரத்தில் அவர் கூச்சமில்லாமல் அமர்ந்த முதல் இருக்கை அதுதான். குறிப்பேட்டைத் திறந்து ஐவரின் உயரங்களையும் வரிசையாக எடுத்தார். ஏழடி அகலத்தில் குறுக்காகப் படுத்தால் மகளுக்கும் ஓரடிக்கு மேல் மிஞ்சும். அது குளியலறைக்குப் போகும் வழி. நீளம் பத்துக் கல். ஆளுக்கு இரண்டு கல். நூலைக் கட்டி, கோடு கோடாகக் கிழித்தார்.

"மாமா ரெண்டு கல்லுல அடங்குவாரா?" என்றாள் மகள். சிரிப்பு அவளுக்குத் திரும்பி வந்திருந்தது.

மைத்துனனைப் படுக்கச் சொல்லி அளந்தார். இரண்டரைக் கல். மகன் ஒன்றரை. "தாண்டுற பிள்ளைக்கு ரெண்டரை," என்று அடுத்த கோட்டை நகர்த்தினார். "உங்கம்மாவுக்கு ரெண்டு. எனக்கு ஒண்ணரை. மொத்தம் பத்து."

"ஒண்ணரையில உங்களால எப்படிப் படுக்க முடியும்?" என்றாள் மனைவி.

"ஒருக்களிச்சு."

"கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல இடைவெளி விடுவீங்களே மச்சான். ஆளுக்கும் ஆளுக்கும் நடுவுல அது கிடையாதா?"

"உன் குறட்டைக்கு ஒரு சுவரே கட்டணும் மாப்ளே. அதுக்கு இடமில்ல."

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த செவிலியம்மா உள்ளே வந்தார். "எல்லாரும் ஒரே பக்கம் தலை வைச்சாத் தோள் தோளோட இடிக்கும். ஒருத்தர் இந்தப் பக்கம், அடுத்தவர் அந்தப் பக்கம்னு மாத்திப் படுங்க. தோள் அகலம், கால் ஒடுக்கம். முப்பது பேர் வார்டுல நாப்பத்தஞ்சு பேரைப் படுக்க வைச்சவ சொல்றேன்."

நூல்காரர் நிமிர்ந்து பார்த்தார். இருபத்தாறு ஆண்டு அளந்ததில், ஓர் ஆளின் தலைப் பக்கமும் கால் பக்கமும் ஒரே அகலமில்லை என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை. "அப்ப எனக்கும் ரெண்டு கல்லு கிடைச்ச மாதிரிதான்," என்று தலைகளைக் குறிக்கும் வட்டங்களை மாற்றி மாற்றிப் போட்டார்.

"மாமா காலு என் மூக்குக்கு நேரா வருதே," என்றான் மகன்.

"பாக்கியம்டா. கோச்சோட காலு," என்றான் மைத்துனன்.

மனைவி தனக்கென்று கிழித்த இரண்டு கல்லில் போய் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள். இரண்டு பக்கக் கோட்டையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, கைப்பையைத் தோளிலிருந்து இறக்கித் தலைமாட்டில் வைத்தாள். ஆறரை மணிப் பேருந்தைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. செவிலியம்மா கீழேயிருந்து ஐந்து மெத்தை விரிப்புகளைத் தாமே தூக்கி வந்தார்.

காலையில் ஐந்தரை மணிக்கு விழித்த மகள், "நான் புரளவே இல்ல," என்று அறிவித்தாள். "புரள எங்க இடம்?" என்றான் அவள் தம்பி. நூல்காரர் நீலச் சாக்பீஸை மகளிடம் கொடுத்தார். மைதானத்தில் ஓட்டம் தொடங்கும் இடத்தை அவள் அதனால் கோடு போட்டுக் குறித்துக்கொண்டாள்.

வேலியோரத்தில் நால்வரும் தோளோடு தோள் நின்றார்கள். அதற்கு நல்ல பழக்கம் ஆகியிருந்தது. நூற்று ஐம்பத்தைந்தை மகள் முதல் முயற்சியிலேயே தாண்டினாள். நூற்று அறுபதை இரண்டாவதில். நூற்று அறுபத்து மூன்றில் கம்பி விழுந்தது. மறுபடியும் விழுந்தது. மிச்சம் ஒரே ஒரு முயற்சி. அவள் சாக்பீஸை எடுத்துத் தன் கோட்டை அரை அடி பின்னுக்கு நகர்த்திவிட்டு ஓடிவந்தாள்.

மைத்துனனின் கூச்சல் கேட்டுத்தான் மனைவி கண்ணைத் திறந்தாள். கம்பி இருந்த இடத்திலேயே இருந்தது. மகள் மெத்தையிலிருந்து குதித்து வேலிக்கு ஓடிவந்தாள்.

"அம்மா, பாத்தியா?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "கண்ண மூடிட்டேன்டி."

"அக்கா," என்றான் மைத்துனன். "மூணு பேரோட ஷிஃப்ட் மாத்தி, எட்டு மணி நேரம் பஸ்ல வந்து, என் குறட்டைக்குப் பக்கத்துல படுத்து, கடைசியில கண்ண மூடிட்டியா?"

மகள் மூச்சு வாங்கச் சிரித்தாள். "இடம் கிடைச்சாச்சு. ஆனா இன்னொரு உயரம் இருக்கு. நூத்தி அறுபத்தாறு. இதுவரைக்கும் நான் தாண்டினதே இல்ல. ஒரே ஒரு தடவை முயற்சி பண்ணப் போறேன், உனக்காக. கண்ண மூடினே, அவ்வளவுதான்."

கம்பி ஏறியது. மகள் கோட்டுக்குப் போய் நின்றாள். மனைவி இரண்டு கையாலும் வேலியைப் பிடித்துக்கொண்டாள். நூல்காரருக்குக் கம்பியைப் பார்க்கத் தோன்றவில்லை. மனைவியின் இமைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். காலடிச் சத்தம் நெருங்கியது, இமைகள் துடித்தன, மூடவில்லை. கண்மணிகள் மெல்ல மேலே ஏறின, ஒரு நொடி உச்சியில் நின்றன, பிறகு இறங்கின. இறங்கியபோது நிறைந்திருந்தன.

மைதானம் கைதட்டி ஓய்ந்த பிறகு அவர் குறிப்பேட்டையும் பென்சிலையும் எடுத்தார்.

"கம்பிக்கு மேல எவ்வளவு இடைவெளி?"

"நீங்க பாக்கலையா?" என்றாள் மனைவி வியப்போடு.

"இல்ல. நீ சொல்லு."

அவள் யோசித்தாள், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து அவர் கண்ணெதிரே காட்டினாள். "ரெண்டு விரல். குதிகால் கிட்ட மட்டும் ஒரு விரல்."

நூல்காரர் தேதியைப் போட்டு, அதை அப்படியே எழுதிக்கொண்டார்.