பத்து ரூபாய் வெட்டு

போன வாரம் பலாபத்வலைச் சந்தியில் மாத்தளை பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து பேக்கரியில் மீன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்கள். மழை, பின்னேரம், பசி வேறு. வேறு யாராக இருந்தாலும் இரண்டு வாங்கிச் சாப்பிட்டிருப்பார்கள். எனக்கோ அந்த எண்ணெய் மணம் மூக்கில் ஏறியதும் குமட்டிக்கொண்டு வந்தது. ரோல்ஸ்மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் முதன்முதலாக வேலை பார்த்த பிரதேச சபையில் வருஷ வரவுசெலவைப் போடுகிற பாதீட்டுக் கூட்டம் என்றால் அந்த மணம்தான்.

எந்தச் சபை என்று கேட்காதீர்கள். நாவுல பஸ்ஸில் ஏறி நடுவழியில் இறங்க வேண்டும், அவ்வளவு தெரிந்தால் போதும். அங்கே எனக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை. என் சிங்களம் மாத்தளைச் சந்தையில் மரக்கறிக்காரர்களோடு பேரம் பேசிப் படித்தது. அதனால் யாராவது கோபப்பட்டால் நன்றாக மொழிபெயர்ப்பேன், மரியாதையாகப் பேசினால்தான் தடுமாறுவேன். சபையில் எல்லோரையும் 'கௌரவ' சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். முதல் கூட்டத்தில் பயத்தில் 'கௌரவ குப்பை லொறி' என்று சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

மண்டபம் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். தேக்கு மேசை, பித்தளை மணி, சபைத் தலைவரான தவிசாளருக்கு மட்டும் வெள்ளைத் துணி போர்த்திய உயர்ந்த நாற்காலி. கதவைத் திறந்தால் பழைய வார்னிஷும் வௌவால் எச்சமும் கலந்த ஒரு வாடை வரும். அந்த வாடைக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர் எங்கள் செயலாளர். மாத்தளை டவுன் முஸ்லிம் மனிதர், ஓய்வு பெறப் போகிற வயது, அழகான கையெழுத்து. நாங்கள் எல்லோரும் அவரை 'சேர்' என்போம். அவருக்கு வெள்ளைக்காரனின் சபை நடைமுறை என்றால் உயிர். வேறு சபைகளில் எப்படியோ, எங்கள் சபையில் பாதீடு அந்த நடைமுறைப்படிதான் நடக்கும்.

அதை ஒருநாள் தேநீர் குடிக்கும்போது எனக்கு விளக்கினார். அந்தக் காலத்தில் கொழும்பில் ஆளுநர் தலைமையில் ஒரு சபை. ஒரு பக்கம் அரசாங்க உத்தியோகத்தர்கள், எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம். ஆளுநர் என்ன நினைக்கிறாரோ அதற்குக் கை உயர்த்துவது அவர்கள் வேலை. மறுபக்கம் ஆளுநரே பார்த்து நியமித்தவர்கள், இனத்துக்கு ஒருவர், தோட்டத் துரைமாருக்கு என்று ஒருவர். புதிதாக ஒரு செலவைக் கேட்கிற உரிமை அரசாங்கத்துக்கு மட்டும். மற்றவர்கள் செலவைக் கூட்டச் சொல்லக்கூடாது, வேண்டுமானால் குறைக்கச் சொல்லலாம். அதனால் ஓர் ஆஸ்பத்திரியைப் பற்றியோ ரோட்டைப் பற்றியோ பேச விரும்புகிறவர், அந்தச் செலவில் பத்து ரூபாய் வெட்டும்படி ஒரு பிரேரணை கொண்டுவருவார். அந்தச் சாக்கில் மனதில் உள்ளதையெல்லாம் கொட்டுவார். கடைசியில் வெட்டை வாபஸ் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

"என்ன மூளை பாத்தீங்களா மகள்? வெள்ளக்காரன் வெள்ளக்காரன்தான்" என்றார் சேர்.

எனக்கு அந்த மூளையைப் பார்க்க எரிச்சல்தான் வந்தது. அரிசி மூட்டைக்குத் தீர்வை போட்டார்கள். அந்த அரிசியைத் தின்றவர்கள் இந்தியாவிலிருந்து வந்திறங்கி மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த எங்கள் ஆட்கள். அந்தத் தீர்வையும் சேர்ந்துதான் ரோடு போட்டார்கள், ரோட்டில் இறங்கியது துரையின் காப்பி மூட்டை. எங்கள் ஆட்களுக்காகப் பத்து ரூபாய் வெட்டிப் பேசக்கூட அந்தச் சபையில் ஒருவர் இருந்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். இதையெல்லாம் சேரிடம் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிது, தேநீரும் அவர் வாங்கிக்கொடுத்தது.

பார்வதியக்கா சபைக்கு வந்தது அந்த வருஷம்தான். பெண்களுக்கு இடம் ஒதுக்கியபோது கட்சிக்காரர்கள் தேடிப் பிடித்துப் பெயர் போட்ட தேயிலைத் தோட்டத்து அக்கா. கொழுந்து எடுத்துக் காய்த்துப்போன விரல்கள், பச்சைக் கரைச் சேலை, கையில் எப்போதும் ஒரு குடை. அவர் குடியிருந்த லயத்து வரிசை வீடு தோட்டத்தின் மேல்பிரிவில், ஓயா என்று நாங்கள் சொல்லும் சிற்றாற்றுக்கு அக்கரையில் இருந்தது. ஓயாவைக் கடக்க இரண்டு கித்துள் மரத்தை இழுத்துப் போட்டிருந்தார்கள். ஏதண்ட என்பார்கள் அதை. மழை நாட்களில் தண்ணீர் அதன்மேல் ஏறிப் போகும். சுற்றி வருவதென்றால் தோட்டத்து ரோட்டில் பாதி நாள் போய்விடும்.

அக்காவின் மருமகள் செல்வி அப்போது முழுகாமல் இருந்தாள். முதல் பிள்ளை ஏற்கெனவே தங்காமல் போயிருந்தது. மழைக்காலத்தில்தான் பேறு என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள்.

"தங்கச்சி, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். அவளுக்கு வலி எடுக்கிறதுக்குள்ள ஒரு பாலம் போட்டுட்டாங்கன்னா போதும். அதுக்குத்தான் இந்தச் சீலைய கட்டிக்கிட்டு இங்க வந்து குந்தியிருக்கேன்" என்று என்னிடம் சொன்னார்.

நல்ல செய்தி என்னவென்றால், அந்தப் பாலம் பாதீட்டு வரைவில் இருந்தது. எஞ்சினியர் வந்து பார்த்து எஸ்டிமேட் போட்டு, அதே தொகை அப்படியே எழுதப்பட்டிருந்தது. அக்கா ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்திருந்தாலே அது நிறைவேறியிருக்கும். ஆனால் லயத்து ஆட்கள் அவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள், நம்ம பாலத்தைப் பத்தி நாலு வார்த்தை பேசிட்டு வா என்று. வாக்குப் போட்டவர்களிடம் போய், பேசாமல் வந்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வார்? பேச என்ன வழி என்று சேரிடம் கேட்டார். "பத்து ரூவா வெட்டச் சொல்லிப் பிரேரியுங்கோ, பிறகு பேசலாம்" என்றார் சேர். அதோடு நிறுத்திக்கொண்டார்.

அக்கா எழுந்து நின்று வெட்டுப் பிரேரணையைச் சொன்னார். பிறகு பேசினார். ஓயா எப்படிப் பெருகும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எப்படித் தவழ்ந்து போகும், போன மழையில் காய்ச்சல்காரரை நாற்காலியில் கட்டித் தூக்கி வந்தது எப்படி, எல்லாவற்றையும் சொன்னார். நான் சிங்களத்தில் சொல்லச் சொல்ல மண்டபம் அமைதியானது. மனிதர்கள்தானே என்று அப்போது நினைத்தேன். பேசி முடித்ததும் அக்கா எல்லோருக்கும் கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

வாபஸ் வாங்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. சேர் தலை குனிந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். பின்கதவு வழியாக ரோல்ஸ் தட்டுகள் வந்து இறங்கின. உறுப்பினர்களின் கண்கள் அங்கே போயின. தவிசாளர் மணியைத் தட்டி, பார்வதி அம்மையாரின் பிரேரணைக்கு ஆதரவானவர்கள் கையை உயர்த்தலாம் என்றார். அக்கா முதலில் கையை உயர்த்தினார். தன் பிரேரணைக்குத் தானே உயர்த்தாமல் இருப்பாரா? அவர் பேச்சில் உருகிப்போனவர்களும் உயர்த்தினார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள்கூட உயர்த்தினார்கள். ஏகமனதாக நிறைவேறியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். ரோல்ஸ் பரிமாறப்பட்டது.

சபை நிறைவேற்றியது பாலத்தை அல்ல, வெட்டை. பாலத்துக்கான தொகையில் பத்து ரூபாய் குறைந்துவிட்டது. எஸ்டிமேட்டை விட ஒதுக்கிய பணம் குறைவாக இருந்தால் டெண்டர் கோர முடியாது, அது விதி. குறைந்ததைத் திருப்பிச் சேர்க்கக் குறைநிரப்பு மதிப்பீடு கொண்டுவர வேண்டும். அதைக் கொண்டுவரும் உரிமை தவிசாளருக்கு மட்டும்தான்.

சில வாரம் கழித்து இது வெளியே தெரிந்ததும் அக்கா நேராக அலுவலகத்துக்கு வந்தார். இடுப்பில் இருந்த சுருக்குப் பையைத் திறந்து, சேரின் மேசையில் ஒரு பத்து ரூபாய் நாணயக் குத்தியை வைத்தார்.

"இந்தாங்க சார் பத்து ரூவா. சேத்துக்குங்க. பாலத்த போடுங்க."

சேர் அந்தக் குத்தியைத் தொடவில்லை. பேனையின் முனையால் மெதுவாக அக்கா பக்கம் தள்ளினார்.

"இத வரவு வைக்க எங்கள்ட்ட கணக்குத் தலைப்பு இல்ல தங்கச்சி."

"அப்ப வாபஸ் வாங்கணும்னு அன்னைக்கே ஏன் சார் சொல்லல?"

"நீங்க கேக்கல்லயே."

இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த இரண்டு சொற்களை நினைத்தால் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. அவர் கெட்டவர் இல்லை, பாருங்கள். தொழுகை தவறாதவர், யாரிடமும் ஒரு சதம் லஞ்சம் வாங்காதவர். நடைமுறை சரியாக நடந்தது, அது போதும் அவருக்கு. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

தவிசாளரிடமும் போனோம். அவர் சிங்களத்தில் சொன்னதை நான்தான் அக்காவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சபை ஏகமனதாக எடுத்த முடிவில் கைவைக்கத் தனக்கு மனம் வரவில்லை, தான் ஜனநாயகத்தை மதிப்பவர் என்றார். அடுத்த கூட்டத்தில், செலவிட முடியாமல் கிடந்த பாலத்துப் பணத்தை எடுத்துச் சபை மண்டபத்துக்கு டைல்ஸ் பதிக்க மாற்றினார். அதற்குப் பேச்சு இல்லை, வெட்டு இல்லை. மணி ஒரு தடவை அடித்தது. முடிந்தது.

மழை வந்தது. செல்விக்கு வலி எடுத்த அன்று ஏதண்டக்கு மேலால் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ட்ரக்டரில் ஏற்றி, தோட்டத்து ரோட்டால் சுற்றிக்கொண்டு மாத்தளைக்குப் போனார்கள். செல்வி பிழைத்தாள். பிள்ளை வழியிலேயே போய்விட்டது. பெண் பிள்ளை.

அடுத்த கூட்டத்தில் சபை ஓர் அனுதாபப் பிரேரணை நிறைவேற்றியது. அனுதாபத்துக்குச் செலவுத் தலைப்பு தேவையில்லை. புது டைல்ஸ் மேல் எல்லோரும் எழுந்து நின்று தலை குனிந்தார்கள். பிறகு தவிசாளர் அக்காவின் துயரத்தில் தாமும் பங்கெடுப்பதாக ஒரு உரை ஆற்றினார். அதை நான் தமிழில் சொன்னேன். அக்கா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. குடையின் பிடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உரை முடிந்ததும் தட்டு வந்தது. பக்கத்தில் இருந்த கௌரவ உறுப்பினர் ஒருவர், சூடாக இருக்கிறது, சாப்பிடுங்கள் என்று அக்காவின் கையில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வெளியே போய் நான் வாந்தி எடுத்தேன்.

அதன் பிறகு சில மாதம்தான் அந்த வேலையில் இருந்தேன். சேர் ஓய்வு பெற்றுப் போனார். சபையின் காலம் முடிந்தது. தோட்டத்தின் மேல்பிரிவு காடாகி, கடைசியில் யாரோ கொழும்புக்காரருக்குக் கைமாறி, அங்கே வெளிநாட்டவருக்கென்று பங்களாக்கள் எழுந்தன. லயத்தை இடித்துவிட்டார்கள். ஆட்கள் மாத்தளையிலும் கண்டியிலும் வாடகை அறைகளில் சிதறிப் போனார்கள். செல்வியும் புருஷனும் கொழும்பில் கடை வேலை என்று கேள்வி. பங்களாக்கள் வந்த கையோடு ஓயாவுக்குக் குறுக்கே பாலமும் வந்தது. லொறி போகிற அளவுக்கு அகலம், இரண்டு பக்கமும் விளக்கு. எங்கள் சபைப் பணமும் அதில் உண்டு என்று பழைய அலுவலகத் தோழி ஒருத்தி சொன்னாள். ஒரு நிமிஷத்தில் நிறைவேறியதாம்.

போன மாதம் மாத்தளை ஆஸ்பத்திரி வாசலில் பார்வதியக்காவைப் பார்த்தேன். தலை நன்றாக நரைத்துவிட்டது. டவுனில் ஒரு வீட்டில் சமையல் செய்கிறாராம். கேட்டிருக்கக்கூடாது, ஆனாலும் கேட்டுவிட்டேன், பாலத்தைப் பார்த்தீர்களா என்று.

"பாத்தேன் தங்கச்சி. ஒரு தடவ நடந்து பாத்துட்டு வரலாம்னு போனேன். வாட்ச்சர் மறிச்சு, அந்தப் பக்கம் யாரப் பாக்கணும்னு கேட்டான்."

"என்ன சொன்னீங்க?"

"என்னாத்த சொல்றது? அங்க யாரு இருக்கா, பேரு சொல்ல?"